இரண்டு நிமிடத்துக்கு ஒரு துடிப்பு

மாடம்பாக்கம்,
வியாழக்கிழமை

சிரஞ்சீவி ஷ்யாம்சுந்தருக்கு அத்தான் ராஜகோபால் எழுதுவது.

இங்கு நானும் உன் அக்கா சந்திரிகாவும் நலம். எனக்கு உடம்பு சரியில்லை என்று அவள் போனில் சொல்லியிருப்பாள், நம்பாதே. உன் நலத்தையும் உன் புவிகாந்த ஆராய்ச்சிக்கூடத்தின் நலத்தையும் அறிய ஆவல். அந்த வேலைக்கான இண்டர்வியூவுக்கு இருவரும் ஒரே ரயிலில் போனதையும், வழியெல்லாம் நான் உனக்குப் பாடம் நடத்தியதையும், வேலை உனக்குக் கிடைத்து நான் டுடோரியல் காலேஜில் பௌதிகம் நடத்திக்கொண்டிருப்பதையும் நான் என்றோ மறந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ ஒரு சான்று அனுப்பாவிட்டால், பூமியின் காந்தத்தை அளக்க நான் பாடுபட்டுச் செய்த காந்தமானியை எங்கள் அடுக்ககச் சங்கம் மொட்டைமாடியிலிருந்து அகற்றிவிடும். உனக்கே தெரியும், காற்றடித்தால் கொடிக்கயிறு ஆடுவதுபோல, சூரியனிலிருந்து வரும் காற்றுப் பட்டுப் பூமியின் காந்தக் கோடுகள் மெதுவாக அதிர்கின்றன. அந்தப் புவிகாந்தத் துடிப்பு போன வாரம் ஒரு மாலையில் என் திரையில் அழகாக விழுந்தது. சந்தோஷத்தில் மாடிச் சுவரில் சாய்ந்து, "சந்திரிகா! துடிப்பு வந்துடுச்சு! ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு!" என்று கத்தினேன். சரியான கலைச்சொல்லைத் தமிழில் சொன்னதற்கு இந்தத் தண்டனை. இரண்டாவது மாடி நூர் பீவி, "அல்லா! சாருக்கு நெஞ்சு நிக்குது!" என்று அலறினார். சங்கச் செயலாளர் லாசரஸ் என்னைத் தூக்கி ஆட்டோவில் திணித்தார். பெருங்களத்தூரில் வழக்கமான நெரிசல். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "ரெண்டு நிமிசத்துக்கு ஒரு தபாவா? இன்னா சார், இந்த சிக்னலே அத்தவிட ஃபாஸ்ட்டா மாறும்!" என்றார். ஆஸ்பத்திரியில் நர்ஸிடம், "அது என்னோடது இல்லம்மா, பூமியோடது" என்று பொறுமையாக விளக்கினேன். அவர் உடனே இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டார். ஈசிஜி எடுத்த டாக்டர், "ஹார்ட் நல்லா இருக்கு. மத்தது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல" என்று சொல்லிவிட்டு சந்திரிகாவைத் தனியாக அழைத்துப் போனார். திரும்பி வந்தவள் முகம் சரியில்லை. அன்றிலிருந்து உப்பில்லாத சாம்பார்.

லாசரஸைப் பற்றியும் சொல்லவேண்டும். மாடிக்கதவுக்குக் கால் கிலோ கனத்தில் ஒரு இரும்புப் பூட்டு வாங்கி மாட்டியிருக்கிறார். முன்பொரு நாள் நான் மேலே இருப்பது தெரியாமல் (தெரிந்தேதான்) பூட்டிவிட்டுப் போய்விட்டார். அதுமுதல் மேலே போனால் அந்தப் பூட்டைக் கழற்றி பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் உலாத்துகிறேன். இப்போது, "ஹார்ட் பேஷண்ட் தனியா மாடில இருக்கக் கூடாது சார், சங்கத்துக்குப் பொறுப்பு வரும்" என்கிறார். "ஹார்ட் பேஷண்ட் இல்லய்யா!" என்று நான் கத்தினால், "பாத்தீங்களா, படபடப்பு" என்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு துடிப்பு இன்னும் வேகமாகியிருக்கிறது. சூரியனில் ஏதோ கொந்தளிப்பு என்று நினைக்கிறேன். தினமும் நான் மாடியில் இருக்கும் நேரத்திலேயே வருவது என் அதிர்ஷ்டம். வாழ்க்கையில் வேறெதுவும் அப்படி வந்ததில்லை. அதே துடிப்பு உங்கள் கருவியிலும் பதிவாகியிருக்கும். அதை உறுதிசெய்து கையெழுத்தும் முத்திரையும் வைத்து அனுப்பு. அந்தக் கருவி போய்விட்டால் மாலையில் எனக்குப் போக இடமில்லை. ரயிலில் சொல்லிக்கொடுத்ததற்கு இதையாவது செய்.

நீயும் குடும்பமும் நோய்நொடியில்லாமல், முக்கியமாக இருதய நோய் என்ற பேச்சே எழாமல், நீடூழி வாழ ஆசிகள்.

ராஜகோபால்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் சமயம் சந்திரிகா மாடிக்குக் காபி கொண்டுவந்தாள். "செக்குமாடு மாதிரி சுத்தாதீங்க. ஒரு இடமா உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். திரையில் கோடு படுத்துவிட்டது. எழுந்து நடந்தேன், கருவியைத் தாண்டும்போதெல்லாம் துடித்தது. மாடியை ஒருமுறை சுற்றிவர எனக்கு இரண்டு நிமிடம் ஆகிறது, கவலைப்பட்டால் இன்னும் சீக்கிரம். பாக்கெட்டில் லாசரஸின் இரும்புப் பூட்டு. ஆகவே அது பூமியோடது இல்லை, என்னோடதுதான். இதை உன் அக்காவிடம் சொல்லாதே. பூட்டைக் கதவிலேயே விட்டுவிட்டு உண்மையான துடிப்புக்குக் காத்திருக்கலாம்தான். ஆனால் படியில் லாசரஸின் செருப்புச் சத்தம் கேட்கிறது. சான்று வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கதவில் மாட்ட, காந்தத்தில் ஒட்டாத, முழுக்க முழுக்கப் பித்தளையில் ஒரு பூட்டு வாங்கி அனுப்பு.