ஏழாம் குழியின் மணி

"யோவான் மாமா, மேடு இந்த உசரம் போதுமா?"

ஜேசிபி இரைச்சலுக்கு மேலே சபிதா கத்திக் கேட்டாள். யோவான் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனி மாதம். ஆரல்வாய்மொழிக் காற்று ஆளையே தள்ளிக்கொண்டு போகிறது. அந்தக் காற்றிலும் ஒரு மனிதருக்கு வியர்த்துக் கொட்டுகிறது என்றால் அதற்கு வெயில் காரணமில்லை.

"போதும் மக்கா. இன்னும் ஏத்துனா கரண்டு காத்தாடி ரெக்கையில முட்டும்."

"சரி. மேட்டுக்கு அந்தப் பக்கம் எப்பிடி? சரிவு எங்க பாத்து இருந்துச்சு?"

யோவான் எந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தாரோ அது வந்தேவிட்டது.

சபிதா அவருடைய உயிர் நண்பர் வைகுண்டராஜனின் மகள். பெங்களூரில் கட்டட இன்ஜினியர். அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து, "எல்லாம் சரியாயிடுச்சு, நடங்க, சிரிங்க" என்று டாக்டர் அனுப்பி வைத்த பிறகும் மனுஷன் நாற்காலியை விட்டு எழவில்லை. சோறு வைத்தால் தின்றார், டிவி போட்டால் பார்த்தார், அவ்வளவுதான். யோவான் போய் உட்கார்ந்து வளைகுடாக் கதையை எடுத்தால் மட்டும் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும். அதிலும் அங்கே கோல்ஃப் ஆடிய ஏழாம் குழிக் கதை என்றால் கண்ணே சிரிக்கும். அதைக் கவனித்த சபிதா, அப்பாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அந்த ஏழாம் குழியையே வீட்டுக்குப் பின்னால் தரிசில் கட்டிவிடுவதென்று லீவு போட்டு வந்துவிட்டாள். அப்பா எழுந்து வந்து ஒரே ஒரு அடி அடிக்க வேண்டும். அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

மேட்டுக்கு இந்தப் பக்கம் அப்பாவுக்குத் தெரியும். அந்தப் பக்கம் தெரிந்த ஒரே ஆள் யோவான். யோவானின் தொல்லையே அதுதான்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் பாலைவனத்தில் ஒரு எண்ணெய்க் கம்பெனி முகாமில் இருந்தார்கள். வைகுண்டராஜன் ஸ்டோர் கீப்பர். யோவானுக்கு கோல்ஃப் மைதானத்தைப் பராமரிக்கிற வேலை. மைதானம் என்றதும் பச்சைப் புல்லை நினைத்துவிடக் கூடாது. அங்கே புல் என்பது ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் பாய். ஆட்டக்காரர்கள் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பார்கள். பந்தைப் பாயில் வைத்து அடிப்பார்கள், பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அடிக்குப் போவார்கள். பாய் போக மீதியெல்லாம் மணல். குழியைச் சுற்றி மட்டும் மணலில் எண்ணெய் ஊற்றி, ரோலர் இழுத்துக் கெட்டியாக்கியிருக்கும்.

ஒன்பது குழிகளில் ஏழாவது ஒரு தனிப்பிறவி. குழாய் பதிக்கத் தோண்டிய மண்ணை யாரோ குவித்துவிட்டுப் போக, மைதானத்தை வரைந்த ஸ்காட்லாந்துக்காரர், "இருக்கட்டும், இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று அப்படியே விட்டுவிட்டார். அடிக்கிறவனுக்கும் குழிக்கும் நடுவே ஒரு மலை நின்றது. அடிக்கிறவன் வானத்தைப் பார்த்து அடிக்க வேண்டியதுதான். பந்து என்ன ஆயிற்றென்று அந்தப் பக்கம் நிற்கிறவன் சொன்னால் உண்டு.

அதற்காக அங்கே ஒரு மணி. ஒரு தடவை அடித்தால், இங்கே ஆளில்லை, அடிக்கலாம் என்று அர்த்தம். விடாமல் அடித்தால், ஒரே அடியில் பந்து குழிக்குள் என்று அர்த்தம். விடாமல் அடித்த மணியை யாரும் கேட்டதே இல்லை. ஏனென்றால் அங்கே சரிவு குழியை விட்டு வெளியே பார்த்துச் சரிந்திருந்தது. எவ்வளவு கெட்டிக்காரன் அடித்தாலும் பந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் மணல் பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த வருஷம் வைகுண்டராஜனின் அம்மா இறந்துபோனார். லீவு கிடைக்கவில்லை, முகம் பார்க்க முடியவில்லை. ஒரு மாதமாக மனுஷன் பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் அதிகாரிகள் வருவதற்கு முன்னால் மற்றவர்கள் விளையாடிக்கொள்ளலாம். யோவான்தான் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "ஓங்கி ஒரு அடி அடி, மனசு லேசாவும்" என்று மட்டையைக் கையில் கொடுத்தார். பிறகு மேட்டைச் சுற்றி அந்தப் பக்கம் போய் ஒரு தடவை மணி அடித்தார்.

'தொப்'பென்று பாயில் மட்டை பட்ட சத்தம் கேட்டது. யோவான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பந்தைக் காணோம். வழக்கம்போல எங்கேயோ மணலில் புதைந்திருக்கும். இனி இவன் வந்து தேடி, கிடைக்காமல், இன்னும் ஒரு மாதத்துக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவான். யோவானின் பையில் ஒரு பந்து கிடந்தது. எடுத்துக் குழிக்குள் போட்டார். மணியை விடாமல் அடித்தார்.

முழுக்க முழுக்க நட்புக்காகத்தான் என்று சொல்ல யோவானுக்கே வாய் கூசும். ஒரே அடியில் பந்து குழிக்குள் விழுந்தால் அன்று அதிகாரிகள் அடுக்களையிலிருந்து முகாம் முழுவதற்கும் பிரியாணி என்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது.

மேட்டில் ஏறி இந்தப் பக்கம் ஓடிவந்தார். வைகுண்டராஜன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அப்புறம் அவசர அவசரமாகப் பாயைச் சுருட்டினார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மணலில் உட்கார்ந்தே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு யோவானுக்கு உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. இன்றுவரை எழவில்லை.

கல்யாண வீடோ சாவு வீடோ, யோவான் பக்கத்தில் இருந்தால் போதும், வைகுண்டராஜன் அந்தக் கதையை அவிழ்த்துவிடுவார். "நான் அடிச்சது ஒண்ணும் பெருசில்ல. இவன் மணி அடிச்சான் பாருங்க, அதுதான் அடி!" என்று யோவானின் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். ஒவ்வொரு தட்டும் யோவானின் நெஞ்சுக்குள் போய் விழும்.

"மாமா, சரிவு எங்க பாத்துன்னு கேட்டேன்."

"வெளிய பாத்து மக்கா."

சபிதா நெற்றியைச் சுருக்கினாள். "வெளியவா? அப்ப பந்து குழிகிட்ட நிக்கவே நிக்காதே. அப்பா அடிச்சது எப்பிடி உள்ள போச்சு?"

இன்ஜினியரிங் படிக்க வைத்தது தப்பு என்று யோவானுக்கு அப்போதுதான் தோன்றியது.

"உள்ள பாத்துன்னு சொல்ல வந்தேன், வாய் தவறிட்டு. உருளி மாதிரி இருந்துது. நம்ம பாயசம் வைக்குத உருளி இல்லியா, அதே மாதிரி. நடுவுல குழி."

ஜேசிபி ஓட்டுகிற ஷாஜன் அரை நாளில் அழகாக ஒரு உருளியைத் தோண்டிக் கொடுத்தான். வைகுண்டராஜனின் மனைவி பூங்கனி எல்லாருக்கும் சுக்குக் காப்பி கொண்டுவந்தார். அவர் அதிகம் பேசமாட்டார். உருளியைப் பார்த்தார், யோவானைப் பார்த்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

அன்று ராத்திரி மழை பெய்தது. காலையில் வந்து பார்த்தால் உருளி நிறையத் தண்ணீர். நடுவே பக்கத்து வீட்டு சொர்ணம்மாளின் எருமை, கழுத்துவரை முங்கிக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

"நல்லா இருப்பிய அண்ணாச்சி" என்றார் சொர்ணம்மாள். "மாட்டுக்கு ஒரு கொளம் வெட்டித் தந்திட்டிய."

எருமையைக் கிளப்பவே மத்தியானம் ஆயிற்று. தண்ணீர் வடிய வேண்டும் என்று யோவான் ஒரு யோசனை சொன்னார். குழியின் அடியிலிருந்து கால்வாய்க்கு ஒரு குழாய் பதித்தார்கள். தண்ணீர் வடிந்தது. சபிதா அப்பாவின் பழைய பந்துகளில் ஒன்றை உருட்டிப் பார்த்தாள். அது உருளியில் சுற்றிக் குழியில் விழுந்து, குழாய் வழியாகக் கால்வாய்க்குப் போய்விட்டது. சந்தேகம் தீர இன்னொன்றை உருட்டினாள். அதுவும் போயிற்று.

குழிக்குள் கம்பி வலை வைத்தார்கள். "இப்ப பாப்போம்" என்று ஷாஜன் மட்டையை மண்வெட்டி போலப் பிடித்து மேட்டுக்கு மேலே ஒன்று விட்டான். குழிக்குள் விழுந்தது. சபிதா அடித்தாள். விழுந்தது. ஓலை பொறுக்க வந்த சொர்ணம்மாள், "என்னத்துக்கு இப்பிடித் துள்ளுதிய?" என்று கேட்டு, கையிலிருந்த தென்னமட்டையாலேயே ஒரு சாத்துச் சாத்தினார். பந்து மேட்டில் முட்டி, தாண்டி, உருளியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் குழிக்குள் உட்கார்ந்தது.

சொர்ணம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "இதுக்கா அண்ணாச்சி, ஒங்க கூட்டாளி இத்தன வருசமா மீசைய முறுக்குதாரு?"

அந்தக் கேள்வி யோவானைக் குத்திவிட்டது. உலகத்தில் வைகுண்டராஜனுக்கென்று இருக்கிற ஒரே பெருமை அது. அதைத் தென்னமட்டையால் அடிக்கிற விளையாட்டாக ஆக்கிவிட்டால் அவர் நாற்காலியை விட்டு எதற்கு எழுவார்? எழுந்து வந்தாலும் திரும்பிப் போய் உட்கார்ந்தால் அப்புறம் எழுவாரா?

"மக்கா, உருளி இவ்வளவு ஆழம் இல்ல" என்றார் சபிதாவிடம். "இப்பத்தான் ஞாபகம் வருது. கொஞ்சம் தூக்கணும்."

ஷாஜன் ஜேசிபியோடு முட்டத்தில் வேறு வேலைக்குப் போயிருந்தான். பிறந்தநாள் மறுநாள். யோவானே மண்வெட்டியை எடுத்தார். அவருக்கும் எழுபதுக்கு மேல் ஆகிறது. மனைவி செல்லபாய் சோற்றுத் தூக்குவாளியோடு வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"என்னதுக்கு இப்பிடிக் கெடந்து சாவுதிய? கூட்டாளிக்கு நெஞ்சுவலி வந்துட்டு, ஒங்களுக்கு வரலியேன்னு கொறையா?"

"நீ போடி. இது ஒனக்குத் தெரியாது."

சாயங்காலம் மண்வெட்டியை வீசிவிட்டு, ஒரு பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கையால் வைத்துப் பார்த்தார். அது மெல்ல அசைந்து, உருண்டு, பின்னால் பள்ளத்துக்குப் போய்விட்டது. மண் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. உருளி கவிழ்ந்த உருளியாகிவிட்டது. அந்த ஸ்காட்லாந்துக்காரரின் சரிவு அச்சு அசலாக அமைந்துவிட்டது. இனி தேவதூதனே வந்து அடித்தாலும் பந்து உள்ளே போகாது.

யோவான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, ஒரு பந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை தரிசில் நாற்காலி போட்டுச் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். வைகுண்டராஜன் பின்வாசல்வரை வந்தார். மேட்டைப் பார்த்தார். பிளாஸ்டிக் பாயைப் பார்த்தார். அந்தப் பக்கம் கம்பத்தில் தொங்குகிற பழைய பள்ளிக்கூட மணியின் தலை மட்டும் தெரிந்தது. அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகளின் கையை விலக்கிவிட்டுத் தானே நடந்து வந்தார்.

சபிதா அழுதுவிட்டாள். யோவானுக்கும் கண் நிறைந்துவிட்டது. பாலைவனத்து வெள்ளிக்கிழமைக் காலை அப்படியே எழுந்து வந்து நிற்பது போலிருந்தது. சூடேறாத மணல், எண்ணெய் வாசம், இரண்டு பேருக்கும் கறுத்த முடி.

"ஏலே யோவான்" என்றார் வைகுண்டராஜன். வாரக்கணக்கில் கேட்காத குரல். "போ, மணி அடி."

யோவான் மேட்டைச் சுற்றி ஓடினார். இந்த வயதில் அதை ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். மூச்சு வாங்க மணியை ஒரு தடவை அடித்தார்.

காற்று 'ஹோ'வென்று இரைந்தது. அதற்கு நடுவே 'தொப்'பென்று ஒரு சத்தம். உடனே கைதட்டல். யோவான் அண்ணாந்து பார்த்தார். பந்தைக் காணோம். காற்று எங்கே கொண்டுபோயிற்றோ. நேரம் போனது. கர்த்தரே, இந்த ஒரு தடவை மட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பையிலிருந்த பந்தை எடுத்துக் குழிக்குள் போட்டார். மணிக் கயிற்றைப் பிடித்து, தோள்பட்டை கழன்றுவிடும்போல விடாமல் அடித்தார்.

"குழி! ஒரே அடியில குழி!" என்று கத்திக்கொண்டு மேட்டின் உச்சிக்கு ஏறினார்.

இந்தப் பக்கம் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைகுண்டராஜன் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் காலடியில், பாயின் மேல், பந்து வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது.

"மாமா" என்று சபிதா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அப்பா சும்மா ஒரு தடவ வீசித்தான் பாத்தாங்க. மட்டை பாயில பட்டுச்சு. அதுக்குத்தான் எல்லாரும் கை தட்டினோம். இன்னும் அடிக்கவே இல்லியே."

யோவானுக்குக் கால் இரண்டும் மேட்டோடு புதைந்துவிட்டதுபோல ஆயிற்று. ஒரு ஆயுள் நட்பு, இருபது பேருக்கு முன்னால், பட்டப்பகலில் போச்சு. இனி இந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது? தலையைத் தூக்கிப் பார்க்கவே பயமாக இருந்தது. மெல்லப் பார்த்தார். வைகுண்டராஜன் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நெஞ்சுவலியோ என்று சபிதா பதறிப்போய் அவரைத் தாங்கினாள்.

பாயசச் செம்போடு நின்றிருந்த பூங்கனி மட்டும் பதறவில்லை.

"அதுக்கு எதுக்கு அண்ணாச்சி இப்பிடி முழிக்கிய? அன்னைக்குப் பாலைவனத்துல வச்சும், இவிய அடிக்கதுக்கு முன்னாலதான நீங்க விடாம மணி அடிச்சிய!"