சோறு வச்சப்ப அவளுக்குத் தெரியுமா?

தமிழில் 'ஆமாம்' என்று ஒரு சொல் இருப்பதே தெரியாமல் ஒரு மனிதர் கல்யாணம் பண்ணி, குடித்தனம் நடத்தி, தேயிலைத் தொழிற்சாலையில் சம்பளமும் வாங்க முடியும் என்றால் நம்புவீர்களா? நான் நம்புவேன். எனக்கு 'இல்ல' முத்துவைத் தெரியும்.

மலாயாவின் கேமரன் மலையில், திரிங்காப் ஊருக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட்டில் அவர் தேயிலை உருட்டும் ரோலர் மெஷினில் வேலை பார்த்தார். நான் ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. எதைக் கேட்டாலும் 'இல்ல' போட்டுத்தான் அவர் ஆரம்பிப்பார். "சாப்டீங்களாண்ணே?" என்றால், "இல்ல, சாப்ட்டேன்" என்பார். "மழை வருதுலா" என்றால், தொப்பலாக நனைந்துகொண்டே, "இல்ல, தூறுது" என்பார். மெஷின் சத்தத்திலேயே வாழ்ந்தவராதலால் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்வார். அவர் ரகசியம் பேசினால் பக்கத்து டிவிஷனிலிருந்து பதில் வரும்.

அது மலாயாவில் வெள்ளைக்காரர்கள் போட்டிருந்த அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்ட்டுகள், ரோட்டில் ராணுவ லாரிகள், நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி. ஒரு பிடி சோறுகூட கேட்டைத் தாண்டக் கூடாது. காட்டில் ஒளிந்திருப்பவனுக்குச் சோறு கொடுத்ததாகச் சந்தேகம் வந்தாலே போதும், பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிட்டார்கள். பேசும்போதுகூட நாங்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவோம். முத்து மட்டும் திரும்பிப் பார்த்ததே கிடையாது.

இந்த லட்சணத்தில்தான் எங்களுக்குப் படம் காட்ட ஒரு வேன் வந்தது. தொழிற்சாலை முற்றத்தில் திரை கட்டினார்கள். அருமையான காதல் படம், வயிறு வலிக்கச் சிரித்தோம். கஞ்சப் பிரபு ஒருவரின் மகளைக் காதலிக்கும் பணக்காரப் பிள்ளை, செவிட்டுத் தோட்டக்காரனாக வேஷம் போட்டு அந்த வீட்டில் புகுந்துகொள்கிறான். செவிடன்தானே என்று அவள் மனதில் உள்ளதையெல்லாம் அவனிடம் கொட்டுகிறாள். ஒருநாள் மரத்தடியில் அவனுக்குச் சோறு வைத்துவிட்டுத் திரும்புகிறாள். அவள் முகம் திரை முழுக்க வந்தது. அதே சமயம் மலையிலிருந்து மூடுபனி இறங்கி எங்களுக்கும் திரைக்கும் நடுவில் நின்றுகொண்டது. பனி விலகியபோது கதாநாயகி பாடிக்கொண்டிருந்தாள்.

சோறு வைத்தபோது அவன் வேஷக்காரன் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? மறுநாளே எஸ்டேட் இரண்டாகப் பிளந்தது. 'தெரியும்' கட்சிக்குத் தலைவி அஞ்சலை. 'தெரியாது' கட்சிக்குத் தலைவர் அவள் புருஷன் முத்து. நான் அஞ்சலை கட்சி.

காலையில் கேட்டில் சோதனைக்காக எல்லாரும் வரிசையில் நின்றபோது அஞ்சலை ஆரம்பித்தாள். "அவன் வேஷம் போட்டு ஒளிஞ்சிருக்கான்னு தெரிஞ்சேதான்யா அவ சோறு வச்சா."

"இல்ல!" என்று முத்து கத்தினார். "மரத்தடியில சோறு வச்சப்ப அவன் யாருன்னு அவளுக்குத் தெரியாது! எங்க கட்சி ஆளுங்களக் கேட்டுப் பாரு!"

கேட்டில் நின்ற காவல்காரருக்குக் கொஞ்சம் தமிழ் புரியும். சோறு, மரத்தடி, ஒளிஞ்சிருக்கான், கட்சி. அந்தக் கொஞ்சம் போதுமானதாக இருந்தது.

"மாத்தா வண்டி வந்திருச்சு!" என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். போலீஸ் வண்டியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியும், ஈப்போ டவுனிலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரும் வந்திறங்கினார்கள். எங்கள் ஆபீசிலேயே விசாரணை. முத்துவின் கையில் விலங்கு.

"உன் பேர் முத்துவா?"

"இல்ல, முத்துதான்."

அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் கூரையைப் பார்த்தார்.

"ஏதாவது கட்சியில இருக்கியா?"

"இல்ல, 'தெரியாது' கட்சி."

"எந்தக் கட்சின்னே தெரியாதா?"

"இல்ல, கட்சி பேரே 'தெரியாது'தான்."

"சோறு யாருக்கு?"

"இல்ல, செவிடனுக்கு."

"எந்தச் செவிடன்?"

"இல்ல, அவன் செவிடனே இல்ல துரை!"

பெரிய கிராணி எழுந்து, இது சினிமாக் கதை என்று இங்கிலீஷில் விளக்கினார். சரி, ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கதை சொல்லட்டும், ஒத்துப்போனால் விடுகிறேன் என்றார் அதிகாரி. அங்கேதான் வந்தது வினை. பெரிய கிராணிக்குக் கஞ்சத் தகப்பனைத் தவிர எதுவும் ஞாபகமில்லை. அது சிக்கனத்தைப் பற்றிய படம் என்றார். கங்காணியைக் கூப்பிட்டார்கள். "அது மாட்டப் பத்தின படம் துரை. என்னா மாடு!" என்றார். கொல்லைப்புறத்தில் ஒரு மாடு கட்டியிருந்தது உண்மைதான். அதிகாரியின் முகம் கல்லாகிவிட்டது. வெளியே வண்டியைக் கிளப்பிவிட்டார்கள்.

முத்து பிறந்ததே இந்த மலையில்தான். கப்பலைப் படத்தில்கூட அவர் சரியாகப் பார்த்ததில்லை. அவரை எந்த ஊருக்கு, யாரிடம் அனுப்புவார்கள்?

கடைசியாக அஞ்சலையை உள்ளே விட்டார்கள். "தெரியாதுன்னு உன் புருஷன் சொல்றான். நீ என்னம்மா சொல்ற?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். அவள் புருஷன் கையிலிருந்த விலங்கைப் பார்த்தாள்.

"அவரு சொல்றதுதான் சரி துரை. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். முத்து துள்ளி எழுந்தார்.

"இல்ல! பொய் சொல்றா துரை! இவ 'தெரியும்' கட்சி! லயத்துல யார வேணாலும் கேளுங்க!"

என் கைக்குட்டையை அவர் வாயில் திணிக்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டார். அதிகாரி எழுந்து, இவளையும் வண்டியில் ஏற்று என்று சைகை காட்டினார். காவலர் ஒருவர் அஞ்சலையின் தோளைத் தொட்டார்.

"இல்ல துரை, அவள விடுங்க!" முத்துவின் குரல் முதன்முறையாக உடைந்தது. "அவ சொல்றதுதான் தப்பு, அவ தப்பு பண்ணல. படத்துல அந்தப் பொண்ணுக்குச் சத்தியமா தெரியாது!"

மொழிபெயர்ப்பாளர் பென்சிலை மேசையில் எறிந்தார்.

"யோவ், அவளுக்கு மொதல்லேருந்தே தெரியும்யா! சோறு வச்சிட்டுத் திரும்புறப்ப சிரிக்கிறாளே, பாக்கல?"

"இல்ல, பனி."

"ஈப்போ கொட்டகையில ஏதுய்யா பனி? நான் நல்லாப் பாத்தேன். சிரிச்சா!"

"இல்ல, அது பாவம் பாத்துச் சிரிச்ச சிரிப்பு."

"பாவம் பாத்தா பல்லு தெரியுமாய்யா?"

இருவரும் மூக்கோடு மூக்கு உரச நின்றார்கள். அதிகாரி மேசையை ஓங்கி அறைந்து, நீ எந்தக் கட்சி என்று மொழிபெயர்ப்பாளரை இங்கிலீஷில் கேட்டார். அவர் கேள்வியை யோசிக்கவே இல்லை.

"'தெரியும்' கட்சி சார்!" என்றார், தமிழிலேயே.

பிறகு காது சிவக்க மொழிபெயர்ப்பாளர் படத்தின் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். அதிகாரி தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியபோதுதான் சிரிக்கிறார் என்று புரிந்தது. விலங்கு கழன்றது. புறப்படும்போது வாசலில் நின்று, சரி, அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்டார். பெரிய கிராணி அவசரமாக ஓடிப்போய் வண்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

ஆபீஸ் படியிறங்கியதும் அஞ்சலை புருஷனின் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். "ஏன்யா, காப்பாத்த வந்தா என்னையே மாட்டி விடுறியா? உன்னக் கப்பல் ஏத்தியிருந்தா நான் எங்க போய்த் தேடுவேன்? ஒனக்குப் பயமாவே இல்லயா?"

"இல்ல" என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த தேயிலைத் துணுக்கை எடுத்துப் போட்டார்.

"ஆமா" என்றார்.

மெஷின்காரரின் குரல் அல்ல அது. பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. அன்று சாயங்காலமே லயத்தில் இரண்டு கட்சியும் மறுபடி மோதிக்கொண்டன, கொஞ்சம் மெதுவான குரலில்.

இப்போது அந்தப் படத்தை வீட்டிலேயே போட்டுப் பார்க்கிறேன். பனி இல்லை. அவள் சிரிப்பது பளிச்சென்று தெரிகிறது. எங்கள் கட்சிதான் ஜெயித்தது. ஆனாலும் அந்த இடம் வந்ததும் படத்தை நிறுத்திவிட்டு, ஒரு 'இல்ல'வுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன்.