டிரஸ்ஸர் கட்டிய நடக்கும் கோட்டை

எங்கள் டிரஸ்ஸரைப் போல ஒரு வைத்தியர் மலேசியாவில் அதற்கு முன்னாலும் பிறந்ததில்லை, இனிமேலும் பிறக்கப் போவதில்லை. எந்த மருந்து போடலாம் என்று மற்றவர்கள் புண்ணைப் பார்த்து முடிவு செய்வார்கள். இவர் தன் பொம்மைக்கு எந்தக் கலர் மிச்சம் வேண்டும் என்று பார்த்து முடிவு செய்வார். "செவப்பு மருந்து இன்னிக்கு இல்ல, ஊதாவே போதும்" என்பார். புண் ஆறிவிடும், அது வேறு விஷயம்.

எண்பதுகளின் நடுவில், பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றின் சின்ன ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்தேன். டாக்டர் இல்லாத அந்த இடத்தில் ஊசி, கட்டு, மாத்திரை எல்லாம் அவர் கையில்தான். பெயர் எவருக்கும் தெரியாது, டிரஸ்ஸர் என்றால் டிரஸ்ஸர். நான் அவருக்குக் கீழே மிஸ்ஸி. அதாவது நர்ஸ் மாதிரி, ஆனால் கூட்டிப் பெருக்கவும் வேண்டும். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு ஸ்குரு டிரைவரும் இருக்கும். எதை எடுக்கப் போகிறாரோ என்று நோயாளிகளுக்குப் பயம்.

எல்லாம் சின்னத் துரைக்குக் காய்ச்சல் வந்ததில் ஆரம்பித்தது. உதவி மேனேஜரைத்தான் அப்படிச் சொல்வோம். பெட்டாலிங் ஜெயாக்காரர், நம்ம ஆள்தான், இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர். ஊசி போட பங்களாவுக்குப் போன டிரஸ்ஸர், மேசை நிறைய ஈயப் பொம்மைகளைப் பார்த்தார். லேசர் துப்பாக்கி பிடித்த குள்ள பூதங்கள், ராக்கெட்டில் வரும் மந்திரவாதிகள். பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து சண்டை போடுகிற விளையாட்டு. சனிக்கிழமைதோறும் பக்கத்துத் தோட்டத்துச் சின்னத் துரைகளும் கிளப்பில் கூடி விளையாடுவார்களாம். டிரஸ்ஸர் விதிப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்தார். மூன்று நாள் அவர் வேறு எதையும் படிக்கவில்லை, நோயாளிகளின் அட்டை உட்பட.

நாலாம் நாள் போய்க் கேட்டார், "நானும் வெளாட வரலாமா சார்?"

சின்னத் துரை சிரித்துவிட்டார். "கிளப்புக்கா? யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லன்னா கூப்புடுறேன்லா. பின்வாசல்ல வாங்க."

அதுதான் வழக்கம். கிளப்பின் முன்வாசல் துரைமார்களுக்கும் விருந்தாளிகளுக்கும். கணக்கு எழுதுகிற கிராணியோ டிரஸ்ஸரோ, நாங்களெல்லாம் சமையல்கட்டு வழியாகத்தான். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரத் துரைகள் மூட்டை கட்டிக்கொண்டு போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த வாசல் மட்டும் அப்படியே இருந்தது. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டிரஸ்ஸர் திரும்பி வந்து பையைக் கீழே வைத்தார். "மிஸ்ஸி, புத்தகத்துல போட்டிருக்கான். பொம்மைய சொந்தமாவும் கட்டலாமாம். எவ்ளோ பெரிசுன்னு சொல்லல."

"அதுக்கு?"

"சொல்லல இல்ல?"

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். ஆறு காலால் நடக்கும் கோட்டை. உடம்புக்கு ஊசி கொதிக்கவைக்கிற பழைய பெட்டி. கால்களுக்கு உடைந்த ஊன்றுகோல்கள். கோபுரத்துக்கு ரப்பர் பால் பிடிக்கிற மங்குகள், ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து. பீரங்கி எல்லாம் ஊசிக் குழாய். அதற்கு மேலே, கை முறிந்தவர்களுக்குப் போடுகிற மாவுக்கட்டு. பெயிண்ட்? தேதி முடிந்த மருந்துகள். அது தீர்ந்ததும், தேதி முடியப் போகிற மருந்துகள். சிவப்பு, மஞ்சள், எல்லாவற்றுக்கும் மேலாக ஜென்ஷன் வயலெட் ஊதா. இடுக்குகளில் அயோடினைக் கசியவிட்டார், துருப்பிடித்த இரும்பாகவே ஆகிவிட்டது. மேடான இடங்களில் வேர்க்குருவுக்குப் பூசுகிற கலாமைனை உலர்ந்த பிரஷ்ஷால் லேசாக இழுத்தார், வெயில் பட்டது போல மினுங்கியது. திட்ட வந்த நான் குனிந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

பின்பக்கம் காயவைத்த கோட்டையைப் பார்த்துவிட்டு, பால்வெட்டுக்குப் போகிற ஓர் அக்கா அதன் முன்னால் எலுமிச்சம்பழமும் சுருட்டும் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் மூன்று பேர் வைத்தார்கள்.

"சாமி இல்லக்கா, சண்டை மிஷின்!" என்று டிரஸ்ஸர் கத்தினார்.

"நம்ம முனியாண்டியும் சண்டைக்காரருதானய்யா," என்று அந்த அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சுருட்டை மட்டும் டிரஸ்ஸர் திருப்பிக் கொடுக்கவில்லை.

சேதி சின்னத் துரை காதுக்குப் போனது. "சனிக்கிழம கொண்டாங்க டிரஸ்ஸர், பாப்போம். ஆனா பின்வாசல் வழியா, ஓகே?"

"சரிங்க சார்" என்று அவர் தலையாட்டிய பணிவைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது. "வெக்கமா இல்ல?" என்று கேட்டே விட்டேன். அவர் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் கிளப் சமையல்காரருக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போனார். அதைப் பார்த்தாரோ இல்லையோ, பின்வாசலை டேப் வைத்து அளந்துகொண்டு வந்தார். வந்ததும் கோட்டைக்கு இரண்டு பக்கமும் இறக்கை முளைத்தது. மாவுக்கட்டும் இன்னும் நாலு சுற்று ஏறியது.

சனிக்கிழமை மத்தியானம் அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனோம். நேராக நுழைத்தோம், இடித்தது. சாய்த்து நுழைத்தோம், இடித்தது. "அலாமா!" என்று சமையல்காரர் தலையில் கை வைத்தார். மற்றத் தோட்டத்துச் சின்னத் துரைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, இதோடு சண்டை போட்டே ஆகவேண்டும் என்று துடித்தார்கள்.

"காலக் கழட்டுங்க," என்றார் எங்கள் சின்னத் துரை.

"கால எடுக்கிற அதிகாரம் டிரஸ்ஸருக்கு இல்ல சார். கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதணும். மூணு மாசம் ஆவும்."

வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டு மேனேஜர், எங்கள் பெரிய துரையே, வெளியில் வந்தார். கோட்டையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், டிரஸ்ஸரைப் பார்த்தார். டிரஸ்ஸர் தலை குனியவில்லை.

"பின்னால நொழையல சார். முன்னாலதான் நொழையும். இல்லன்னா ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டுப் போயிடுறோம்."

தூறல் விழுந்தது. "சார், பிளீஸ்லா!" என்று ஜன்னலிலிருந்து நாலு குரல் வந்தது. பெரிய துரை பெருமூச்சு விட்டு முன்பக்கம் கையைக் காட்டினார்.

முன்படியில் சின்னத் துரை என்னைத் தடுத்தார். "நீ நில்லும்மா, நாங்க புடிச்சிக்கிறோம்."

"மிஸ்ஸி விட்டா விழுந்துரும் சார்," என்றார் டிரஸ்ஸர். "நீங்க றெக்கைய மட்டும் புடிங்க. பெரிய துரை அந்தப் பீரங்கிய." பெரிய துரை பிடித்தார்! என் பக்கத்தை விடாமல் பிடித்தபடி நானும் அந்தப் படியில் ஏறினேன்.

சண்டையில் கோட்டை மூன்றாவது உருட்டலிலேயே வெடித்துச் சிதறிவிட்டது, விதிப்படிதான். டிரஸ்ஸர் கவலைப்படவே இல்லை. நடு ஹாலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டார். மணியைச் சொன்னார்கள்.

தூறலில் நனைந்து கையில் ஒட்டிய ஜென்ஷன் வயலெட் எந்தச் சோப்புக்கும் மசியாது. திங்கட்கிழமை விடிகாலை, ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டில், பெரிய துரையும் சின்னத் துரையும் ஊதாக் கையோடு நின்றார்கள். தோட்டமே பார்த்தது. யார் பொம்மையை யார் தூக்கினார்கள் என்று சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஆட்களை மேய்க்கிற மண்டோர் மட்டும், "தொரைங்களுக்கு எங்க புண்ணு?" என்று விசாரித்தார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸரிடம் சண்டைக்கு நின்றேன். "வாசல்ல நொழையாம இருக்க றெக்க போதுமே. அவ்ளோ கனமா எதுக்குக் கட்டுனீங்க? என் இடுப்பே போச்சு!"

அவர் நிமிரவில்லை, ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். "ஒரு ஆளு தூக்குற மாதிரி கட்டியிருந்தா, நீங்க வெளியிலதான நின்னிருப்பீங்க, மிஸ்ஸி?"

உள்ளே போய், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவர் கேட்காமலே அவருக்கு ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன்.