சுவரை மறுபடி எழுப்ப மாப்பிள்ளையின் சம்மதம் வேண்டி

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே எல்லாரும் நல்ல உடம்போடு இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருக்க வேண்டும். எனக்கு மனம்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. இந்தக் கடிதத்தையே கூடத்தில் தொடங்கி, மாடிப்படியில் தொடர்ந்து, இப்போது குளியலறைக்கு வெளியே முக்காலி போட்டு எழுதுகிறேன்.

போன வருஷம் உங்கள் பெற்றோர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பொதுவான சுவரை இடித்து வாசல் வைத்தீர்கள். "ஏழு நாட்டு எல்லையைத் திறக்கப் பாடுபடுறவன் வீட்டுல நடுச்சுவர் இருக்கலாமா மாமா?" என்று நீங்கள் கேட்டபோது நானும் தலையாட்டினேன். ஏழு நாடுகளையும் ஒரே சந்தையாக்க இருபது வருஷமாக நீங்கள் ஓடும் ஓட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாடுகளுக்கு நடுவே மலையும் ஆறும்தான் இருக்கின்றன. எங்களுக்கு நடுவே உங்கள் அப்பா இருக்கிறார். வாத்தியாராக இருந்த பழக்கம், உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். சம்பந்தி முப்பத்தாறு வருஷம் எல்லையில் சுங்க அதிகாரியாக இருந்தவர் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலைப் பார்த்ததும் அவருக்குப் பழைய உத்தியோகம் திரும்பிவிட்டது. அதன் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நேற்று கிண்ணத்தோடு போன என்னை நிறுத்தி, "என்ன சம்பந்தி, உள்ளே என்ன?" என்றார்.

"சர்க்கரை."

"சொந்த உபயோகத்துக்கா, மத்தவங்களுக்கா?"

"உங்க சம்சாரம் கேட்டாங்கய்யா."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க. மூடியைத் திறங்க."

திறந்தேன். விரலை விட்டு ருசி பார்த்தார். மூன்று தடவை.

இன்னொரு உதாரணம். எல்லாரும் ஒப்புக்கொண்டால்தான் எதையும் முடிவு செய்யலாம் என்ற உங்கள் விதியை, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக்கிய எங்கள் சமையலறைக்கும் வைத்தீர்கள். உப்பு எவ்வளவு என்பதில் உடன்பாடு வராததால் எட்டு நாளாக உப்பில்லாமல் சாப்பிடுகிறோம். என் மனைவி, "அந்த ஏழு நாட்டு ஜனங்களும் பாவம்தான்" என்கிறாள். இத்தனைக்கும் நடுவே, வியாழக்கிழமை அமைச்சர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றும், பேட்டிக்குப் பேட்டி நீங்கள் எங்கள் வாசலைத்தான் காட்டிப் பேசுகிறீர்கள் என்றும் மகள் சொன்னாள். உங்கள் பெயர் கெடக் கூடாது. வியாழன்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். வெள்ளிக்கிழமை கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். சுவரை எழுப்பிவிட உங்கள் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. இல்லையென்றால் இந்த வயதில் நான் வீடு மாற வேண்டியிருக்கும்.

எடுத்த காரியம் கைகூடி, பேரோடும் புகழோடும் நீங்கள் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சம்பந்தி ஒரு காகிதத்தோடு வந்தார். "வாத்தியாரே, பையனுக்கு ஒரு லெட்டர். தப்பு இருந்தா திருத்துங்க" என்றார். அவரும் சுவர்தான் கேட்டிருக்கிறார். நான் ஒரு நாளைக்கு ஆறு உதாரணம் சொல்கிறேனாம். திருத்திக் கொடுத்துவிட்டு என் கடிதத்தையும் காட்டினேன். படித்துவிட்டு, "ரெண்டா போனா அவன் ரெண்டையும் ஓரமா வச்சிடுவான். ஒண்ணாவே எழுதுவோம்" என்றார். காலையிலிருந்து சேர்ந்து எழுதுகிறோம். யார் குறை முதலில் வர வேண்டும் என்பதே இன்னும் முடிவாகவில்லை. உங்கள் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்துக்கு நாலு வருஷம் ஆனதாமே, எங்களுக்கும் கொஞ்சம் நாளாகும். அதுவரை சேர்ந்து எழுத நான் தினமும் அந்தப் பக்கம் போய் வந்தாக வேண்டும். என் எழுதும் மேசை வாசலில் நுழைய மறுக்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமை கொத்தனார் வரட்டும். இன்னும் இரண்டடி இடிக்க உங்கள் சம்மதம் தேவை.