தானா எழுந்திரிக்கிற பொட்டி

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டிமடத்துக்குப் போவதில்லை என்று தமிழழகன் முடிவு கட்டிவிட்டான். மாமனார் தோப்பில் முந்திரி பொறுக்கும் காலம். மாப்பிள்ளை வந்தாச்சு என்று தடபுடலாக வரவேற்பார்கள். காப்பி குடித்து முடிப்பதற்குள் கையில் கூடையைக் கொடுத்துவிடுவார்கள். போன வருஷம் சித்திரை வெயிலில் குனிந்து குனிந்து போன இடுப்பு இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை.

சாக்கு கைவசம் இருந்தது. பெரம்பலூர் வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கம்பெனிக்கு அவன் பார்க்கும் வேலை, வயல் மோட்டாரை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது. கரண்டு போய்த் திரும்பி வந்தால் பெட்டி தானாக எழ வேண்டும். எழுந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஸ்கிரிப்ட் சொல்லும். திங்கட்கிழமை சிறுவாச்சூரில் ஒரு வயலில் மேனேஜர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும்.

"வளரு, பொட்டி எழவே மாட்டேங்குது. நான் கூடவே உக்காந்திருக்கணும். நீ மட்டும் போயிட்டு வா" என்றான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"அய்யோ பாவம்" என்றாள் மனைவி வளர்மதி. "நேத்து மேனேஜர்கிட்ட, 'பட்டுனு எழுந்திரிக்குது சார், கவலையே படாதீங்க'ன்னு சிரிச்சு சிரிச்சுப் பேசுனீங்களே?"

"அது... மேனேஜர்கிட்ட அப்படித்தான் சொல்லணும்."

"அப்ப என்கிட்ட?"

"உன்கிட்ட உண்மையத்தான் சொல்லுவேன்."

"சரி, பாத்துருவோம்" என்று எழுந்து போனவள் மெயின் சுவிட்சை இறக்கினாள். அத்தோடு விட்டாளா? இன்வெர்ட்டரையும் அணைத்தாள். ஃபேன் நின்றது. பெட்டி இருண்டது. மறுபடி எல்லாவற்றையும் போட்டாள். ஃபேன் சுற்றியது, ஃபிரிட்ஜ் உறுமியது. பெட்டியில் மட்டும் பச்சை விளக்கு வரவில்லை.

"பாத்தியா, எழல!" என்று வெற்றியோடு கத்திய தமிழழகன் அடுத்த நொடி பெட்டியிடம் ஓடினான். நிஜமாகவே எழவில்லை.

கரண்டு போய் வந்தால் எழ வேண்டிய பெட்டியை, கரண்டே போகாத இன்வெர்ட்டரில் மாட்டி இத்தனை நாளும் சோதித்திருக்கிறான் மகராசன்! கட்டளைகளைப் படித்து நடத்துகிற ஷெல்லில் பெரிசும் உண்டு, சிறிசும் உண்டு. அவன் கையால் ஓட்டிப் பார்த்தது, வசதிக்காக அவனே பெட்டியில் ஏற்றிய பெரிய ஷெல்லில். பெட்டி தானாக எழும்போது படிப்பதோ, அதிலேயே இருக்கிற சின்ன ஷெல். அவனுடைய சொகுசு வரிகள் அதற்கு விளங்கவில்லை. ஆரம்பத்திலேயே படுத்துவிட்டது.

"நாளைக்கு என் மானம் போயிருக்குமே! வேலையே போயிருக்குமே!"

"பொலம்பாதீங்க. அது புரிஞ்சுக்கற மாதிரி எழுதுங்க, நான் சுவிட்ச் போடறேன்."

ஜோடனையெல்லாம் அடித்துவிட்டு, எந்த ஷெல்லுக்கும் விளங்கும் வெறும் வரிகளாக எழுதினான். அவள் கரண்டை இறக்கினாள், ஏற்றினாள். திருத்தினான். மறுபடி இறக்கினாள், ஏற்றினாள். இட்லி ஆறிப்போனது. கடைசியில் பச்சை விளக்கு எரிந்தது. இன்னொரு தடவை பார்த்தார்கள். அப்போதும் எரிந்தது.

இவள் மட்டும் இன்று அந்தச் சுவிட்சைத் தொடாமல் இருந்திருந்தால்? நினைக்க நினைக்க அவனுக்கு நன்றி பொங்கியது. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. கும்பிட்டும் விட்டான்.

"நீதான் என் குலசாமி, வளரு! முந்திரி பொறுக்கப் பயந்து சும்மா சொன்ன பொய்யி, அதுவே உண்மையாப் போச்சு. நீ இல்லன்னா நான் நடுத்தெருவுல நின்னுருப்பேன். என்ன வேணும் கேளு, இப்பவே செய்யறேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க" என்றாள் வளர்மதி, சிரிக்காமல். "பொட்டிதான் தானா எழுந்திரிக்குதே, நீங்க எதுக்குக் கூட உக்காரணும்? சட்டைய மாட்டுங்க, பஸ்ஸு வந்துரும்."

"இனிமே துணியெல்லாம் எடுத்து வச்சு..." என்று இழுத்தான்.

அவள் கதவோரம் கை காட்டினாள். பையை நேற்றே கட்டி வைத்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்திருந்தது, போன வருஷம் முந்திரிப்பழச் சாறு பட்டுக் கறையான அவனுடைய லுங்கி.