பர்ஸ்லம் சந்தையில் நாரைத் தட்டுக்கு நடந்த சமர்

வாழ்க லவினியா! இங்கிலாந்தின் பீங்கான் சூளைப்புகை சூழ் பர்ஸ்லம் மாநகரின் சுடர்விளக்கே, கஞ்சியிட்டு விறைத்த தொப்பியையே கொற்றக்குடையாய்க் கொண்டவளே, நின் வெற்றியைப் பாடி முடிக்கும்வரை எமக்கு இருமல் வாராதிருக்க!

புதிய போதகர் ஞாயிறு மதியம் எவர் வீட்டில் உண்பார் என்பதே அந்நாளில் அகிலத்தை உலுக்கிய வினா. லவினியாவும் அழைத்திருந்தாள், அடுத்த வாசலில் வாழ்ந்த அவள் நாத்தனார் ஹெப்சிபாவும் அழைத்திருந்தாள். ஆட்டுத்தொடை இருவரிடமும் இருந்தது. அதை ஏந்தும் தகுதிவாய்ந்த பெருந்தட்டு இருவரிடமும் இல்லை. எவள் தட்டு வாங்குகிறாளோ அவள் வீட்டிலேயே விருந்து என்று முடிவாயிற்று.

சனிக்கிழமைச் சந்தையில், சூளையில் பிசகிய பீங்கான்களை வைக்கோலில் கிடத்தி விற்கும் ஈனோக்கின் கடையில், எஞ்சியிருந்தது ஒரே தட்டு. ஜப்பானைக் கனவிலும் கண்டிராத நம் ஊரார் ஜப்பான் என்றே நம்பி அச்சிட்டு ஒட்டிய மூங்கிலும் விசிறியும் அரைநிலவும், பறக்கும் நாரையும் பழுப்பு மையில் பொலிய, வைக்கோல் மெத்தையில் அது பள்ளிகொண்டிருக்க, மதங்கொண்ட யானைகள் இரண்டு ஒரு கரும்பைப் பற்றியதுபோல் அவ்விரு வீராங்கனையரும் ஒரே கணத்தில் அதன் இரு விளிம்புகளையும் பற்றினர்.

"விடுங்க அண்ணி! நாந்தான் மொதல்ல தொட்டேன்!"

"நீ தொட்டது வைக்கோலைடி! கையை எடு!"

"தாய்மாருங்களே, அது தட்டு, கயிறில்ல!" என்று அலறினான் ஈனோக்.

திசைகள் நடுங்கின, முட்டைக்கூடை ஒன்று கவிழ்ந்தது. அவ்வேளை ஹெப்சிபாவின் தொப்பி சரிந்து கண்ணை மறைக்க, அதைத் தூக்க அவள் ஒரு கையை எடுக்க, தட்டு லவினியாவின் மார்பைச் சேர்ந்தது. வெற்றித்திருமகள் வைக்கோல் தூசியைத் துடைத்தாள்.

"அண்ணி, நாரைக்குத் தலையக் காணோமே!"

உண்மைதான். அச்சுத்தாளைக் கோணலாக ஒட்டியதில் கழுத்து மூங்கிலோடு முடிந்திருந்தது. தலையோ விசிறியின்மேல் தனியே முளைத்திருந்தது.

"தலை இல்லாட்டி என்ன? உங்க அண்ணனோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தலையா?" என்று முழங்கி வீடேகினாள் லவினியா.

ஞாயிறன்று தோற்றவளும் விருந்துக்கு வந்தாள். நாரையின் கழுத்துக்கு அரணாக உருளைக்கிழங்கு மதில் எழுப்பப்பட்டிருந்தது. போதகரோ பசியில் பெருவீரர்; இரண்டே முற்றுகையில் மதிலைத் தகர்த்து, முள்கரண்டியை நிறுத்தி, உற்று நோக்கினார்.

"ஏம்மா, இந்தப் பறவைக்குத் தலை எங்கே?"

லவினியாவின் முகம் வெளிறியது. பழிதீர்க்கும் பொன்னான தருணம் ஹெப்சிபாவின் நாவில் வந்து நின்றது. அண்ணியை ஒருமுறை பார்த்தாள்.

"உங்களப் பார்த்த கூச்சம், ஐயா. விசிறிகிட்டப் போய் ஒளிஞ்சிருக்கு" என்றாள்.

போதகர் சிரித்தபடி இன்னொரு துண்டு இறைச்சி கேட்டார்.

சாப்பாடு முடிந்ததும் ஹெப்சிபா பாத்திரம் கழுவினாள், லவினியா துடைத்து வைத்தாள்.