கபீலின் படகுக்குக் கணப்பு போட்டவன்

குளிர் தாங்காதவன் எங்கே வேண்டுமானாலும் பிழைக்கலாம், படகில் மட்டும் வேலைக்குச் சேரக் கூடாது. நான் சேர்ந்தேன். எண்பதுகளில் துபாய் தேராவில், ஓர் அரபி முதலாளியின் மரப்படகில் சமையல்காரன். (துபாயில் ஏது குளிர் என்று சிரிப்பவர்கள் தை மாதம் தண்ணீர்மேல் படுத்துப் பார்க்கட்டும்.)

மாசியில் எனக்குக் கல்யாணம். கபீல் என்று நாங்கள் சொல்லும் அந்த முதலாளியோ லீவு பேச்சை எடுத்தாலே கடலைப் பார்ப்பார். ஒருநாள் அவரே வந்தார்.

"சாயங்காலம் என் மாமனார் மீன்பிடிக்க வர்றார். கேபினைக் கரம் கரோ, நல்லா சூடாக்கு. அவர் குஷியானா உனக்கு லீவு."

விடுவேனா? கேபின் நடுவில் கரியடுப்பை மூட்டினேன். ஜன்னல் இடுக்கிலெல்லாம் சாக்கைத் திணித்தேன். எஞ்சின் பார்க்கும் யாழ்ப்பாணத்துச் சிவம் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஒரு ஜன்னலையாவது திறந்து விடும்."

"திறந்தா சூடு போயிரும்ணே."

"திறக்காட்டி நீர் போயிடுவீர்."

நான் கேட்கவில்லை. கபீலோடு மாமனார் வந்தார், போர்வையைக் கழற்றினார், படகைப் புகழ்ந்தார், கேபினைப் புகழ்ந்தார், என்னையும் புகழ்ந்தார். கல்யாணம் கூடிவரும் நேரத்தில் இத்தனை கண் பட்டால் என்ன ஆவது? எங்கள் ராமநாதபுரத்தில் இதற்கு ஒரே வைத்தியம்தான். ஒரு கை மிளகாய் வத்தலையும் உப்பையும் அள்ளி, மாமனாரின் முதுகுக்குப் பின்னால் நின்று, என் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டேன்.

நெடி வராவிட்டால் திருஷ்டி இருந்தது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அன்றைக்கு அந்தப் படகில் துளித் திருஷ்டி இல்லை.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதவுக்குப் பாய்ந்ததில் யாராலும் அதைத் திறக்க முடியவில்லை. சிவம் அண்ணன்தான் வெளியிலிருந்து இழுத்துத் திறந்தார். மாமனார் நிற்கவேயில்லை. பக்கத்துப் படகுக்குத் தாவி, மத்திக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து தும்மினார். என் கல்யாணம் கடலில் போனது என்று நான் அழுதேன். (வத்தல் புகையில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.)

கபீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எத்தனை நாள் லீவு கேட்டே?"

"ஒரு மாசம், அர்பாப்."

"மூணு மாசம் போ. குளிர் முடிஞ்சு வந்தாப் போதும். கலாஸ், பேச்சு முடிஞ்சது."

இன்றும் வீட்டில் தாளிக்கும்போது நான் இருமினால் என் மனைவி அடுப்பைக் குறைக்க மாட்டாள்.

"உங்களை எனக்குக் கட்டிவெச்ச நெடி. கொஞ்சம் தாங்கிக்குங்க."